கேமரன் மலைக்கு ஏழாவது ஆளாக

1982, நவம்பர் கடைசி ஞாயிறு. கிள்ளானிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. ஆறு மணிக்கும் வேனில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தனபால், தன் மகன் குமாருக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெண் பார்க்கப் போகிறார். அவர், மனைவி ருக்குமணி, குமார், மகள், வேன் ஓட்டும் மருமகன் ராஜு, ருக்குமணியின் அண்ணன் வேலு என்று மொத்தம் ஆறு பேர். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையாகப் போகக்கூடாதே! முந்தின நாள் மாலை ரயில்வே ஆபீஸிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த என்னைத் தனபால் வாசலிலேயே மடக்கிவிட்டார்.

"மணியம், நாளைக்கு லீவுதானே? சும்மா வாங்கலா. குளிரு, தேயிலை எல்லாம் பாத்துட்டு வரலாம். செலவு நம்பளோடது."

நானும் கேமரன் மலையைப் பார்த்தவனில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

ஒருவழியாக ஆறரைக்கு வேன் கிளம்பியது. கோலாலம்பூர், ரவாங், தஞ்சோங் மாலிம் என்று போய் பீடோரில் பசியாறினோம். ரொட்டி சானாயும் டீயும் ஆளுக்கு ஒரு வெள்ளிக்குள், அதாவது ஒரு ரிங்கிட்டுக்குள், முடிந்தது. ஆனால் ராஜு குழம்பில் உப்பில்லை என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்றதில் அரை மணி போயிற்று. தாப்பாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலைச் சாலையைப் பிடித்தபோது மணி பதினொன்று. பெண் வீட்டுக்கு நாங்கள் வருவதாகச் சொன்ன நேரமும் அதுதான்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறக்குறைய இருபத்தெட்டு கட்டை. மைலை இங்கே கட்டை என்பார்கள். அவ்வளவு தூரத்திலும் நேரான சாலை என்று நூறு கஜம் கிடைத்தால் அதிசயம். ஒரு பக்கம் மூங்கில் காடு, மறுபக்கம் பள்ளம், எதிரே காய்கறி லாரிகள். தனபாலின் மகளுக்குக் குமட்டியது. அவள் வாந்தியெடுத்த பிளாஸ்டிக் பையை ருக்குமணி அக்கா ஜன்னல் வழியாக வீசினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே எங்களை முந்திப் போனான்.

"என்னா வாயி பாருங்க, மணியம். பொம்பளைங்க இருக்கிற வண்டின்னு கூட பாக்க மாட்றான்," என்றார் அக்கா.

வழியில் ஓர் அருவி. எல்லாரும் இறங்கினார்கள். கால் நனைப்பதாகச் சொன்னவர்கள் துண்டு கட்டிக் குளிக்கத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண் வீட்டார் காத்திருப்பார்களே என்று தனபாலிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எங்க போயிடப் போறாங்க? தோட்டத்துலதானே இருக்காங்க," என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே.

ரிங்லெட்டில் அணைக்கட்டு ஏரியைப் பார்க்க ஒரு நிறுத்தம். ருக்குமணி அக்கா வீட்டுச் சாமிக்கென்று ஒரு கட்டு செவ்வந்தி வாங்கினார். இரண்டு வெள்ளி சொன்னவனை ஒன்றரைக்கு இறக்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஊரைத் தாண்டி மூன்று கட்டையில் தோட்டத்து மண்சாலை பிரிந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. சீவிவிட்ட தலை மாதிரி மலை முழுக்க வரிசை வரிசையாகப் பச்சை. தூறலும் பனியும் சேர்ந்து மேல் வரிசைகளை மூடியிருந்தன. இதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று மனசு ஒரு நிமிடம் லேசானது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் தொடங்கும் இடத்தில் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஒருவர் குடை பிடித்து நின்றார். சட்டையின் தோள் இரண்டும் நனைந்திருந்தன. அவர்தான் பெண்ணின் அப்பா சுப்பையா. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. பதினொரு மணியிலிருந்து அங்கேயே நிற்கிறாராம். அப்போது மணி இரண்டு.

"வாங்க, வாங்க. ரோட்டுல ஏதும் பிரச்சினையோன்னு பயந்துட்டேன்," என்றார். தனபால் அருவியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தகரக் கூரை வீடு. அக்கம்பக்கத்து நாற்காலிகளெல்லாம் அங்கே வந்திருந்தன, ஒன்றுபோல் ஒன்றில்லை. கோழிக் குழம்பை மூன்று முறை சூடு பண்ணினார்களாம். எங்கள் கூட்டம் உட்கார்ந்து வெளுத்துக் கட்டியது. பெண் சரசு டீ கொண்டு வந்து வைத்தாள். மலையில் கொழுந்து வெட்டும் பெண். இருபத்து நாலு வயது, நிமிர்ந்த பார்வை. குமார் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, "இங்க டி.வி. தெளிவா தெரியுமா?"

"மழை இல்லாட்டித் தெரியும்," என்றாள்.

சாப்பிட்ட கையோடு ராஜு கேமராவைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினான். வேலுவும் கூடவே போனார். இருவரும் செடிகளுக்குள் புகுந்து கிளையை ஒடித்துப் போஸ் கொடுத்ததை லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். சம்பந்தம் பண்ண வந்தவர்களை யார் அதட்டுவது?

சுப்பையா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சார், நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. ஒண்ணு சொல்றேன். கோலா தெர்லாவுல ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. சொந்தமா கோஸு, தக்காளின்னு சாயோர் போட்டு லோரியில ஏத்துறாங்க. நல்ல பையன். இன்னிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. மார்கழி பொறந்துட்டா பேச முடியாதுல்ல? நான்தான் டவுன் மாப்பிள்ளை வருதே, பாப்போம்னு நிறுத்தி வச்சிருக்கேன். இவங்க மனசுல என்னான்னு தெரிஞ்சா தேவலாம் சார்."

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. கிளம்புவதற்குள் தனபாலைத் தனியாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ராஜு எல்லாரையும் படம் எடுக்க வாசலுக்குக் கூப்பிட்டான். சரசுவை நடுவில் நிறுத்தினார்கள். ருக்குமணி அக்கா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேனிலிருந்து செவ்வந்தியை எடுத்து வந்து, இரண்டு பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார்.

மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பூ வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். சரசுவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சரசு குனிந்து ருக்குமணி அக்காவின் காலைத் தொட்டாள். அவரும் "நல்லா இரு, நல்லா இரு" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். தனபாலைக் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே!

"போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்," என்று தனபால் வேனில் ஏறினார். மணி மூன்றரை.

மண்சாலை முடிந்து தார்ச் சாலையில் ஏறியதும், கல்யாணம் கிள்ளானிலா தோட்டத்துக் கோயிலிலா என்று கேட்டேன்.

"யாரு கல்யாணம்?" என்றார் ருக்குமணி அக்கா.

"குமாருக்கும் சரசுவுக்கும்தான்."

வேனே சிரித்தது. குமாருக்கு வேலுவின் மகளை ஆவணியிலேயே பேசி முடித்தாயிற்றாம். ஆமாம், பின்சீட்டில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த அதே வேலு. தரகர் கேமரன் மலையில் பெண் என்றதும், பள்ளி விடுமுறைக்கு எங்கேயும் போகவில்லையே என்று கிளம்பியிருக்கிறார்கள்.

"குளிரு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை," என்றார் வேலு.

"பூ வச்சீங்களே அக்கா!"

"போட்டோவுல தலை வெறுமையா இருந்துச்சு, வச்சேன். தட்டா மாத்துனோம்? வெறும் பூவுக்கு என்னா?"

"அந்தப் பொண்ணு உங்க கால்ல விழுந்துச்சு."

"பெரியவங்கன்னு விழுந்துச்சு. நல்ல புள்ள."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். வேனைத் திருப்புங்கள், விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவோம் என்றேன். பனி இறங்கிவிடும் என்றார் தனபால். ஒரு வாரம் கழித்துத் தரகரிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று, மூஞ்சிக்கு நேராகச் சொல்லி ஏன் மனசைப் புண்படுத்த வேண்டும் என்று எனக்கே புத்தி சொன்னார். ரிங்லெட்டில் முட்டைக்கோஸ் வாங்க வண்டியை நிறுத்தினார்கள். நான் இறங்கிக்கொண்டேன்.

"கோவிச்சுக்காதீங்கலா மணியம்! எப்படி வீட்டுக்குப் போவீங்க?" என்று தனபால் கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டத்து வழியாக வடக்கே போகும் காலி லாரி ஒன்று கிடைத்தது. டிரைவர் சீனர். காசு வேண்டாம் என்றார். மண்சாலை பிரியும் முடக்கில் இறக்கிவிட்டார். மண்சாலையில் மழையோடு நடந்தேன். லயத்தை அடைந்தபோது வாசலில் நாற்காலிகள் அப்படியே இருந்தன, பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சுப்பையா ஓடி வந்தார்.

"என்னா சார், ஏதும் மறந்துட்டீங்களா?"

அவரை உள்ளே கூட்டிப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் ஜன்னல் வழியாகச் சாலையை எட்டிப் பார்த்தார்.

"கோலா தெர்லாவுக்கு ஆள் அனுப்பிட்டேனே சார். நீங்க கெளம்பின ஒடனே, பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார்ல போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆபீஸ் பூட்டியிருந்தது, டெலிபோனுக்கு வழியில்லை. காத்திருந்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மோட்டார் திரும்பி வந்தது. வண்டியை நிறுத்துமுன்பே அந்த ஆள் உற்சாகமாகப் பேசத் தொடங்கினார். கோலா தெர்லாக்காரர்கள் கோபப்படவே இல்லையாம். பெண் நன்றாக இருக்கட்டும் என்றார்களாம். கம்போங் ராஜாவில் இன்னோர் இடத்திலும் பெண் கேட்டிருந்தார்களாம், அங்கே வெற்றிலை பாக்கு மாற்ற அப்போதே கிளம்பிவிட்டார்களாம்.

அடுப்படி வாசலில் சரசு நின்றிருந்தாள். தலையில் பூ இல்லை.

"அந்தக் கோலா தெர்லா ஆளை எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு என்னிடம், "சாப்புடுங்க அண்ணே. மழையில நனைஞ்சுட்டீங்க," என்றாள்.

திங்கள் காலை. தாப்பா பஸ் ஏழரைக்கு. கட்டணம் மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. இராத்திரி முழுக்க எனக்குப் போர்வை கொடுத்துவிட்டுத் துண்டைப் போர்த்திப் படுத்திருந்த சுப்பையா சாலை வரை கூடவே வந்தார். பனி விலகி, மலை பளிச்சென்று இருந்தது. எத்தனையோ பேர் காசு கொடுத்துப் பார்க்க வரும் காட்சி. எங்கள் கிள்ளானில் புழுதியும் வெயிலும்தான், ஆனால் அங்கே நான் யாரிடமும் இப்படித் தலை குனிந்து விடைபெற்றதில்லை.

கூடை மாட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ராத்திரி நடந்தது இன்னும் வெளியே தெரியாது. என்னைப் பார்த்து நின்றார்கள்.

"சம்பந்தி ஊட்டு ஆளுங்களா?" என்றாள் ஒருத்தி. "சுப்பையாண்ணே, கல்யாணம் எப்போ?"

சுப்பையா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்தார்.

"தையில," என்றார்.