அன்புசெல்வி அக்கா எதிரில் வருகிறார்

கனகசெட்டிக்குளத்தில் எங்கள் தெருவிலிருந்து ரோட்டுக்குப் போக ஒரே சந்துதான். கடலோரக் கடைசி வீடு அன்புசெல்வி அக்காவுடையது. விடிகாலையில் அவர் பஸ் பிடிக்க ரோட்டைப் பார்த்து வருவார். ரோட்டோர வீட்டுப் பலராமன் சித்தப்பா படகெடுக்கக் கடலைப் பார்த்துப் போவார். சந்தில் எதிரும் புதிருமாகத்தான் வந்தாக வேண்டும்.

அக்காவுக்குப் புருசன் இல்லை. அவர் எதிரில் வந்தால் வலை காலியாம். பார்த்துவிட்டால் சித்தப்பா ஆட்களோடு வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்புவார். இத்தனைக்கும் அக்கா புருசன் செல்வகுமார் மாமா கடலில் சாகவில்லை. லாரி மோதிச் செத்தார். நியாயப்படி லாரிக்காரர்கள்தான் அக்காவைக் கண்டு ஓட வேண்டும். அவர்கள் பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

முன்பெல்லாம் படகுகள் போகும்வரை அக்கா கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். கதிர்காமம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்த பிறகு அது ஒத்துவரவில்லை. ஒதுங்கினால் முதல் பஸ் போய்விடும். இரண்டு முறை போய்விட்டது. "இன்னொரு தடவ லேட்டுன்னா வேலைக்கு வராதம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மகள் கவிநிலா பத்தாவது படிக்கிறாள். அந்த வேலைதான் வீட்டுக்கு அடுப்பு.

மறுநாள் அக்கா கதவைச் சாத்தவில்லை. பையை மாட்டிக்கொண்டு சந்தின் நடுவிலேயே நடந்தார். நான் பால் தூக்கோடு பின்னால் வந்தேன். எதிரே சித்தப்பா, தோளில் வலை, பின்னால் அவர் படகு ஆள் குப்பன்.

"ஏம்மா, செத்த உள்ள இருந்துட்டு அப்புறம் வரக் கூடாதா? தொழிலுக்குப் போறோமில்ல?"

"நானும் தொழிலுக்குத்தாண்ணே போறேன். ரெண்டு தடவ உங்களுக்காக ஒதுங்குனேன். ரெண்டு தடவையும் பஸ்ஸு போச்சு. என்னால உங்க வலை காலியானத யாரு பாத்தா? உங்களால என் பஸ்ஸு போனத நான் பாத்தேன். அப்ப யாரு எதிர்ல யாருண்ணே வரக் கூடாது? நானும் திரும்பிப் போயி தண்ணி குடிச்சிட்டு வரவா?"

குப்பன் சிரித்துவிட்டான். சித்தப்பா அவனை முறைத்தார். அந்த இடைவெளியில் அக்கா வலையை உரசிக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் முந்தி ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு காலை வைத்து, அறுந்துபோகாத செருப்பைக் குனிந்து சரிசெய்தேன்.

"ஏறுறியா எறங்குறியாடா, சாவுகிராக்கி?" என்றார் கண்டக்டர்.

"வாரு மாட்டிக்கிச்சுண்ணே."

அக்கா ஏறியதும் வார் சரியாகிவிட்டது.

சித்தப்பா அன்று திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். மறுநாளும் அக்கா வந்தார், அதற்கு மறுநாளும். தினமும் திரும்பியதில் மற்ற படகுகள் முந்திக்கொண்டன. "இப்புடியே போனா நான் வேற படகுக்குப் போறேன் மாமா" என்றான் குப்பன்.

ஒருநாள் சித்தப்பா கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே குந்தி, ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போனார். இப்போது குந்துவதும் இல்லை, நடந்துகொண்டே குடிக்கிறார். அந்தப் பாட்டிலில் ஒருநாள் உப்புத் தண்ணீர் இருந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

அக்கா நிற்பதில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போவார்:

"மெதுவா குடிங்கண்ணே. பொரை ஏறிடப் போவுது."