வளைவில் உட்கார்ந்தவன்

பட்டிமன்ற மேடையில் நான் எப்போதும் முயற்சியின் கட்சி. 'வாழ்க்கைக்குத் தேவை வெற்றியா, முயற்சியா' என்ற தலைப்பை எங்கள் வேலூர் வட்டாரத்தில் திருவிழாவுக்குத் திருவிழா தூசு தட்டி எடுப்பார்கள். வெற்றிக்குப் பேச யார் யாரோ கிடைப்பார்கள். முயற்சிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆம்பூர்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் நான், வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஐம்பது வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, நடை மெல்ல ஓட்டமானபோது என் பேச்சுக்குப் புதுச் சரக்கும் கிடைத்தது. பழைய வீரத்தையும் தத்துவத்தையும் ஓடுகளத்தோடு முடிச்சுப் போட ஆரம்பித்தேன். போரில் முதுகில் புண்பட்டதற்கு நாணி, வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிர்விட்ட அரசனைச் சொல்வேன். 'அவனைத் தோற்றவன் என்று யார் சொன்னார்கள்?' என்று கேட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். அந்த இடைவெளியில் கைதட்டல் விழும்.

என்னை ஓட வைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் பாய். ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார், என் வயதுதான். விடிவதற்கு முன் பைபாஸ் ஓரச் சாலையில் இருவரும் ஓடுவோம். ஓடுவோம் என்றால், அவர் ஓடுவார், நான் பேசுவேன். பலனில் பற்று வைக்காமல் செய்வதே செயல் என்பேன். வெள்ளத்தில் போகிற தெப்பம்தான் வாழ்க்கை என்று நம் முன்னோர் நினைத்ததை விளக்குவேன்.

"பாலாத்துல தண்ணி எங்க இருக்குது வாத்தியாரே, தெப்பம் போறதுக்கு?" என்பார் பாய். "ஓடறதே ஜெயிக்கத்தான். சும்மா ஓடணும்னா நாய் தொரத்தணும்."

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் முதல் மூன்று பேருக்குள் வந்து, மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின வருடம் நெஞ்சளவு தூரத்தில் நாலாவதாகிப்போனார். முட்டி டாக்டர் வேறு, 'இந்த வருசத்தோட ஓட்டத்த நிறுத்திக்குங்க' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்காக மூன்று மாதம் பிரியாணியை விட்டார். ஆம்பூர்க்காரர் பிரியாணியை விட்டால் அது துறவில்தான் சேர்த்தி. துணைக்கு இருக்கட்டும் என்று என் பெயரையும் அதே ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை பள்ளிகொண்டாவில் பட்டிமன்றம். அன்றைக்குப் பேசியதுபோல நான் என்றைக்குமே பேசியதில்லை. நாளைக்கு நானே களத்தில் இறங்கப் போகிறேன் என்று அறிவித்தேன். நடுவர் எழுந்து வந்து எனக்குத் துண்டு போர்த்தினார்.

மறுநாள் காலை மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று. முதல் சுற்றிலேயே கடைசி ஆள் ஆனேன். அதுகூடப் பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்ப்பக்க வளைவில் தண்ணீர்க் குவளையோடு நின்றவர்கள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள். முதலில் "ஐயா, ஐயா" என்று கத்தினார்கள். நாலு சுற்றுக்குப் பிறகு சத்தம் குறைந்தது. அப்புறம் மெல்லக் கைதட்ட ஆரம்பித்தார்கள். மாறுவேடப் போட்டியில் பாட்டு மறந்துபோய் நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தட்டுவோமே, அந்தக் கைதட்டல். எனக்குக் கைதட்டலின் வகைகள் தெரியும், அதில்தானே என் பிழைப்பு. இன்னும் பல சுற்று இதைக் கேட்டுக்கொண்டே ஓட வேண்டும் என்று நினைத்தேன். சட்டென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காலில் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

பாய் அப்போது மூன்றாவது இடத்தில், என்னை ஒரு சுற்று முந்திவிடும் வேகத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஓட்டம் தளர்ந்து, நின்று, திரும்பி வந்தார்.

"இன்னா ஆச்சி?"

"புடிப்பு. நீ போ பாய்."

இதை நான் சொன்ன குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 'ஒண்ணும் இல்ல, வேணும்னேதான் உக்காந்தேன்' என்றிருந்தால் அவர் ஒரு கெட்ட வார்த்தையோடு ஓடியிருப்பார், இடத்தையும் பிடித்திருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, முனகலுக்கு நடுவே, தியாகி மாதிரி 'நீ போ' என்றேன். அப்படிச் சொன்னால் எந்த மனிதன் போவான்? அவர் மண்டி போட்டு என் காலை நீவினார். நீவிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் எங்களைக் கடந்து போனார்கள். அவர் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். பிறகு என் கையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் தடத்தை விட்டு வெளியே நடத்திக் கூட்டிப் போனார். பிள்ளைகள் இப்போது வேறு மாதிரி தட்டினார்கள். நான் நொண்டினேன்.

வீட்டிலும் நொண்டினேன். வேறு வழியில்லை. என் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். "ஒங்களுக்கு எதுக்கு இந்த வயசுல வீராப்பு" என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். திட்டு இதமாக இருந்தது, தைலம்தான் எரிந்தது. பள்ளியில் பாயைப் பற்றி ஒரு பையன் காலை வழிபாட்டில் பேசினான். நட்பின் இலக்கணம் என்றான். அந்தச் சொல் நான் வகுப்பில் கொடுத்தது.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சில மாதம் கழித்து வாலாஜாபேட்டையில் பட்டிமன்றம், அதே தலைப்பு. பாய் தம் வண்டியிலேயே என்னைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். எதிரணிக்காரர் நன்றாகப் பேசி என்னை மடக்கிவிட்டார். கையில் வேறு எதுவும் இல்லை. அந்த வளைவை எடுத்து வைத்தேன். தசை முறுக்கிய வலியைச் சொன்னேன், 'நீ போ' என்றதைச் சொன்னேன், வெற்றியை உதறிவிட்டு வந்த நண்பரைச் சொன்னேன். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நடுவர் பாயை மேடைக்கு அழைத்தார். அவர் வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

திரும்பும் வழியில் பைபாஸ் ஓரம் டீக்கு நிறுத்தினோம். பாதி டீயில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, அந்தக் கதைய இனிமே மேடைல சொல்லாத."

அடக்கத்தால் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஏன் பாய், நல்ல விஷயந்தானே."

"புடிச்ச சதை கல்லாட்டம் இருக்கும். எனக்கு எத்தினி தபா புடிச்சிருக்குது. ஒன்னுது கை வெச்சா மெத்துனு இருந்திச்சி."

என் கையிலிருந்த கண்ணாடிக் குவளை சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"தெரிஞ்சுமா தோள் குடுத்த?"

"தெரியறதுக்குள்ள ரெண்டு பேர் தாண்டிட்டானுங்க. அப்புறம் ஓடி இன்னா? ஒன் பசங்க வேற பாத்துக்கினு இருந்தாங்க. அவங்க எதிர்ல ஒன்ன எழுப்பி நிக்கவெச்சி, ஒண்ணுமில்லன்னு காட்டணுமா? பேஜாரா இருந்திச்சி. நடத்திக் கூட்டியாந்துட்டேன்."

முதுகுப் புண்ணுக்கு நாணிய அரசனைப் பற்றி இத்தனை ஊரில் பேசியிருக்கிறேன். நாணம் என்றால் என்னவென்று அந்த டீக்கடை பெஞ்சில்தான் தெரிந்தது. அதில் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. காது அடைத்துக்கொண்டது, தலை தானாகக் குனிந்தது. மன்னித்துக்கொள் பாய் என்றேன். எனக்கே கேட்காத குரலில் இருந்தது.

 அவர் சாலையில் போன லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதா வந்து ஸ்டேட்டுக்குப் போனானே, அவன் அங்க எத்தினியாவதா வந்தான்னு விசாரிச்சேன். கடைசியா வந்தானாம்." டீயை முடித்துவிட்டுக் குவளையைப் பெஞ்சில் வைத்தார். "நான் போயிருந்தாலும் கடைசிதான் வந்திருப்பேன். எனக்கு அந்தக் கடைசி வேணும்னு இருந்திச்சி வாத்தியாரே."