பின் சக்கரத்துக்குக் கனம்

சித்தப்பாவால் எந்தப் பொருளையும் இருக்கிறபடி இருக்க விட முடியாது. அல்வாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் அவருடைய பழைய டிராக்டர் நிற்கும். செங்கல் ஏற்றும் வேலை நின்றுபோனதும், அதன் முன்னால் மண் அள்ளும் லோடர் ஒன்றைப் பூட்டியே தீருவதென்று கிளம்பினார். பாலாநகர் பழைய இரும்புக் கடையில் வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய லோடர் கிடைத்தது. அதன் கைகள் எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, இரும்புப் பட்டைகளை வெட்டித் தாங்கிகள் செய்து, ஒருவழியாக முடுக்கி நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் வெள்ளோட்டம். மனைகளைச் சமப்படுத்தும் வேலையைக் கொடுக்கவிருந்த காண்ட்ராக்டர் நேரில் பார்க்க வந்திருந்தார். வண்டி மண்ணைத் தூக்கினால் வேலை சித்தப்பாவுக்கு. தூக்காவிட்டால் டிராக்டரை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்நியர் முன்னால் எனக்குப் பேச வராது, ஓடத்தான் வரும். வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். காண்ட்ராக்டர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா ஓட்ட, லோடரின் பக்கெட் ஈரமண்ணை வாரிக்கொண்டு எழும்பியது. கூடவே பின் சக்கரங்களும் எழும்பின.

"இறக்குடா, இறக்கு!" என்று அப்பா கத்தினார். "பின்னால கனம் கட்டாம தூக்காதேன்னு சொன்னேனா இல்லியா? அதுக்கு வார்த்த சிமெண்டுக் கட்டை இன்னும் காயவே இல்ல."

"கைக்கு டைம் வேஸ்ட்டு?" என்றார் காண்ட்ராக்டர், எங்கள் ஊர் உருது கலந்த அரைத் தமிழில். 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. "நான் போறேன்."

"ஒரு நிமிஷம் சார். பின்னால ஆள் ஏறினா போதும்" என்றார் சித்தப்பா.

"நக்கோடா, வேணாம், கவுந்துடும்!" என்றார் அப்பா.

அதற்குள் நான் பின்பக்க இணைப்புக் கம்பியில் ஏறிவிட்டேன். அம்மா ஓடிவந்து காதைப் பிடித்து இறக்கினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு தானே ஏறி உட்கார்ந்தாள். அம்மா நல்ல பருமன். அதைச் சொல்லி நாள் தவறாமல் கேலி செய்கிறவர் சித்தப்பாதான். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி அம்மாவையே பார்த்தார்.

"என்ன தம்பி பாக்குறீங்க? என் கனத்துக்கும் இன்னிக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு. தூக்குங்க."

பக்கெட் மறுபடி எழும்பியது. வண்டி ஒருமுறை துள்ளியதில் அம்மாவின் செருப்புகள் தெறித்து விழுந்தன. பிறகு பின் சக்கரங்கள் தரையில் அழுந்தின. மண் உயரே போய்ச் சரிந்து கொட்டியது.

"ஹவ், சரி, நாளைக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் போனார்.

அம்மா மட்டும் சவாரி போய்விட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா இறங்கி வந்து, செருப்புகளைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, அம்மாவின் காலடியில் குனிந்து வைத்தார். "ஐயோ, என்ன தம்பி இது!" என்று அம்மா கால்களை இழுத்துக்கொண்டாள். செருப்பை எடுத்துக் கொடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது, அதற்கு ஏன் அப்பா ஸ்பானரைத் தேடுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதெல்லாம் அப்போது எனக்கு விளங்கவில்லை.