மூட்டையோடு போனவள்

கடிக்கிற அந்தப் பூச்சிக்கும் நாம் கட்டுகிற பொதிக்கும் தமிழில் ஒரே பெயர், மூட்டை. யார் வைத்தார்களோ, விவரமானவர்கள். நாங்கள் கோவில்பட்டியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரு முற்றம், சுற்றி ஐந்து வீடு, எல்லோருக்கும் ஒரே குழாய். யூரியாச் சாக்கில் நான் துணிகளைத் திணித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன, மூட்டை முடிச்செல்லாம் கட்டியாச்சு? வீட்டைக் காலி பண்ணுதீங்களா?"

"மூட்டைக்காக மூட்டை கட்டுதேன்க்கா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் மனசுவிட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

பூச்சி என் சீர்க் கட்டிலில் வந்தது என்பது மாமியாரின் தீர்ப்பு. தேக்குக் கட்டில். அதன் மேல் போட்ட மெத்தையை எங்கள் காட்டில் விளைந்த பருத்தியைக் கொட்டை நீக்கி அப்பா அடைத்துக் கொடுத்தார். அடுத்த மழைக்கு முன்னால் அவர் இறந்துபோனார். கல்யாணமாகி இரண்டு வருஷம் அந்தக் கட்டிலில் ஒரு பூச்சி கிடையாது. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர், கேபிள் டிவி வந்து படுத்துப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து ரெக்ஸின் நாற்காலி ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்தார். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும் அதில்தான் சாய்வார், அதில்தான் காபி குடிப்பார். கொட்டகை நாற்காலியில் மூட்டைப்பூச்சி இருக்கும் என்பது சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். என் மாமியாருக்கு மட்டும் தெரியவில்லை.

"எங்க வீட்டுல என்னைக்கு மூட்டை இருந்திச்சு? மருமக கொண்டாந்த கட்டில்ல வந்தது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா என்று கேட்பார்கள். வீட்டைக் கொளுத்தவில்லை, மெத்தையைக் கொளுத்தினார்கள். வளவுக்குப் பின்னால், பட்டப்பகலில். பருத்தி சட்டென்று எரியாது, உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு கிடக்கும். சாயங்காலம் வரை புகைந்தது. கட்டிலைப் பிரித்து, பொருத்துகளில் கொதிக்கிற வெந்நீரும் மண்ணெண்ணெயும் ஊற்றி, கடைசியில் அதையும் யாருக்கோ தள்ளிவிட்டார்கள். அப்பா வாங்கிக் கொடுத்தது என்று அந்த வீட்டில் பிறகு எதுவும் மிஞ்சவில்லை.

பருத்திக்கு மருந்தடிக்கிற ஒருவர் முதுகில் டப்பாவோடு வந்து வீடு முழுக்க அடித்துவிட்டுப் போனார். "முட்டை பொரிக்கும்மா. துணிமணியைக் கட்டினது கட்டினபடி போட்டு வைங்க. அவசரப்பட்டு அவுத்துராதீங்க" என்றார். அவர் சொன்னபடியே சாக்குகளோடு வாழத் தொடங்கினோம். சுவரோரமாகச் சாக்குகள், நடுவில் நாங்கள். ஒரு ஜாக்கெட் வேண்டுமென்றால் முற்றத்துக்கு இழுத்துப் போய் அவிழ்த்து, உதறி, மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். எதை உடுத்தினாலும் சாக்குக்குள் போட்ட பாச்சா உருண்டை வாடை. கோயிலுக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைத் தேய்ப்பார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எந்தச் சாக்கில் என்று தேடிச் சலித்து, தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். சொந்த வீட்டிலேயே வண்டிக்குக் காத்திருக்கிறவர்களைப் போல இருந்தோம். எந்த வண்டியும் வரவில்லை.

பூச்சி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் கையிலும் கழுத்திலும் அதே தடிப்புகள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டில் போயும் அது போகலையே. கொண்டாந்த ஆள் இங்கனதான இருக்கு" என்றார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அந்த நாற்காலியை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அடியில கருப்பு கருப்பா அப்பிக் கிடக்கு" என்றேன்.

"சும்மா கிட. எதையாவது கிளப்பி விடாத" என்றார். அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், என் சேலைகளும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இருந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு அம்மா இருக்கிற கழுகுமலைக்குப் பஸ் ஏறிவிட்டேன். இனி திரும்புவதில்லை என்றுதான் போனேன். பஸ்ஸில் அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். அடுத்தவர் மேல் ஏதாவது ஏறிவிடுமோ என்று அந்த நிலையிலும் ஒரு பயம்.

அம்மா, அண்ணன் வீட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் போனில் நான் ஏற்கெனவே பூச்சிக் கதையை எல்லாம் சொல்லி அழுதிருந்தேன். சொன்னதுதான் வினையாயிற்று. வாசலில் என்னைக் கண்டதும் ஓடி வந்தவள், கையிலிருந்த சாக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, அதை அங்கனயே வச்சிரு. உள்ள கொண்டாராத. பச்சப்புள்ள கிடக்கு."

உள்ளே தொட்டிலில் மதினியின் குழந்தை. அம்மா சொன்னதில் தப்பே இல்லை. நான் அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் நான் பிறந்து வளர்ந்த வீடு அது. சாக்கை வேப்பமரத்தடியில் வைத்தேன். உள்ளே போகத் தோன்றாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அம்மா காபியை வெளியே கொண்டுவந்து, கை படாமல் கீழே வைத்தாள். தள்ளி நின்றே கேட்டாள்.

"இம்புட்டுப் பெரிய மூட்டையை எதுக்குட்டி தூக்கிட்டு வந்த?"

அவள் முகத்தில் இருந்தது கேள்வி இல்லை, பயம். பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது.

"வெயில்ல போடத்தாம்மா. அங்கன முற்றத்துல வெயிலே விழுகுறதில்ல" என்றேன்.

"அப்பிடியா" என்றாள். மூச்சு விட்டாள். "அப்ப அந்தக் கல்லு மேல போடு. நல்லாக் காயும்."

நானும் போட்டேன். வெயில் சாயும் வரை காய்ந்தது. பிறகு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள், நான் சாக்கைப் பிடித்த கைக்கு மறுபக்கமாக நடந்து.

"மூட்டையோட போனவ மூட்டையோட வந்துட்டா" என்றார் மாமியார். வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார்.

பிற்பாடு வீடு மாறினோம், பூச்சியும் ஒழிந்தது. மற்ற சாக்குகளை எல்லாம் அவிழ்த்து அடுக்கிவிட்டேன். கழுகுமலைக்குத் தூக்கிப் போன இந்த ஒன்றை மட்டும் அவிழ்க்கவில்லை. சித்திரை வந்தால் மாடிக்கு இழுத்துக்கொண்டு போவேன். எதுக்கு என்று யாராவது கேட்டால், வெயிலில் போட என்பேன். சாயங்காலம் கட்டு அப்படியே இருக்க, மறுபடி கீழே கொண்டுவந்து வைத்துவிடுவேன்.