திரைக்குப் பின்பக்கம் பார்த்த படம்

எஸ்.எஸ்.சி. பாஸாகி வேலை தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் என் தலை முழுக்கக் கூட்டுறவுதான். மருதமுனையில் நெசவாளர் சங்கம் ஒன்று அமைந்துவிட்டால், நூல் முதலாளிமாரின் கடை வாசலில் காத்து நிற்க வேண்டாம். கொழும்பிலிருந்து நூல் நேரே வரும். ஆனால் பதிவதற்குப் போதிய ஆட்கள் சேரவில்லை. நூல் தருகிறவரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அப்போதுதான் கூட்டுறவுப் படம் காட்டும் வண்டி ஊருக்கு வந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டு விவசாயிகள் சங்கம் அமைத்து முன்னேறும் கதை. விளக்கம் இங்கிலீஷில். தமிழில் சொல்ல நான் முந்திக்கொண்டேன்.

கடற்கரை வெளியில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டினோம். முன்னால் ஆண்கள், துணிக்குப் பின்னால் பெண்கள். மெல்லிய துணி, படம் அந்தப் பக்கமும் தெரிந்தது. பசு, பால், லாபப் பங்கு என்று தொண்டை வறளும்வரை மைக்கில் முழங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் கேட்டேன்.

"என்ட விளக்கம் எப்பிடி உம்மா?"

"ஸ்பீக்கர் ஆம்புளைகளப் பாத்துத்தானே கத்திச்சு. எங்களுக்கு அலைச்சத்தம்தான் கேட்டிச்சு."

என் முகத்தைப் பார்த்து மூத்த சகோதரி ராத்தா சிரித்தார். "படம் நல்லாத்தான் இரிந்திச்சு. அதுல வந்த சங்கக் கூட்டத்துல பொம்புளைகளும் கையத் தூக்கினாக. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கல்ல."

"நம்மட ஊருல தறியில இரிக்கிறது ஆரு?" என்றார் உம்மா. "நாங்களும் சேரலாமா, மகன்?"

அந்தக் காட்சியைப் பற்றி நான் மைக்கில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கண்ணில் படவே இல்லை. விடிந்ததும் சைக்கிளை மிதித்துக் பக்கத்து ஊரான கல்முனைக்குப் போய்க் கூட்டுறவு இன்ஸ்பெக்டரைக் கேட்டேன்.

"ஓம் தம்பி, தாராளமாச் சேரலாம். இதுவரைக்கும் உங்கட ஊரால ஆரும் கேக்கல்ல."

பள்ளிக்கூட மண்டபத்தில் நடுவே படுக்கைவிரிப்பைத் திரையாகக் கட்டிக் கூட்டம் நடந்தது. சேர விரும்புகிறவர்கள் கையை உயர்த்தும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆண்கள் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். பிறகு விரிப்புக்கு மேலே வளையல்கள் குலுங்க ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அத்தனையும் இடக்கை.

"இதென்ன கூத்து, ஒருத்திக்கும் சோத்துக்கை இல்லையா?" என்றார் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர்.

விரிப்புக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "படத்துல அவக இந்தக் கையத்தானே தூக்கினாக."

துணியின் பின்பக்கமிருந்து பார்த்தவர்களுக்கு வலக்கை இடக்கையாகத் தெரிந்திருக்கிறது. நான் அதை விளக்கியதும் மண்டபமே சிரித்தது.

"எந்தக் கையெண்டாலும் கைதான்," என்று இன்ஸ்பெக்டர் எண்ணத் தொடங்கினார். பதிவதற்குப் போதுமான ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் எண்ணி முடிப்பதற்குள், அதுவரை நழுவிக்கொண்டிருந்த என் மாமா சிரித்தபடியே தன் இடக்கையைத் தூக்கினார்.