பொன்னரளியை மலையேற விடாத வேன்

இரண்டே இரண்டு நட்சத்திரம். போன வாரம் முழுக்க எனக்கிருந்த வயிற்றெரிச்சலுக்கு அதுதான் காரணம்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாவல் படித்தேன். மாயசக்தி உள்ள ஒரு பெண் ஊர் ஊராகச் சுற்றி வம்பில் மாட்டுவதும் தப்பிப்பதுமான ஜாலியான கதை. ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். நல்ல புத்தகம் படித்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அந்த வேளையில் வீட்டில் யாரும் சிக்காததால் இணையத்தில் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். போயிருக்கவே கூடாது.

"மாயசக்தி இருக்கிறவள் எதற்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள்? லாஜிக் இடிக்கிறது." இரண்டு நட்சத்திரம்.

"நாயகி இத்தனை நாள் வெளியே சுற்றுகிறாள். வீட்டில் ஒருவரும் தேட மாட்டார்களா?" மூன்று.

"அட்டையில் பாவாடை நீலம், கதையில் பச்சை." அந்தப் புண்ணியவான் ஒன்றே ஒன்று கொடுத்திருந்தார்.

ஒவ்வொருவருக்கும் பதில் தட்டுவதும் அழிப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. அவள் ஆகாயத்தில் பறக்கிறாள் சார், அதை நம்பிவிட்டீர்கள், பாவாடை நிறத்தில் வந்து ஏன் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? தட்டிக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. இந்த ஆட்களை எனக்குத் தெரியும். பேரும் முகமும் இல்லாவிட்டால் என்ன, இவர்களோடு நான் வேனில் போய் வந்திருக்கிறேன்.

வேன் என்று எழுதியதுமே வாசனை வந்துவிட்டது, பாருங்கள். டீசல், சட்டையில் ஒட்டிய பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே ராஜாத்தி அக்காவின் தூக்குவாளியிலிருந்து கிளம்பும் எலுமிச்சைச் சோறு. எலுமிச்சைச் சோற்றை இன்றைக்கு எங்கே முகர்ந்தாலும் வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றம் வருகிறது எனக்கு. கல்யாண வீட்டில்கூட.

படிப்பு முடித்த சூட்டில் கிடைத்த வேலை அது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஏறினால் ராஜபாளையத்துக்கு வெளியே நூல் மில் வாசலில் இறக்கிவிடும் வேன். நான் மில்லின் லேபில் இருந்தேன். நூலை இழுத்து இழுத்து, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பது என் உத்தியோகம். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இதில் என்ன கெமிஸ்ட்ரி என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், யாரும் பதில் சொல்லவில்லை.

என் பக்கத்து சீட் மல்லிகா. சுந்தரபாண்டியத்துக்காரி, மில்லின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து போனையே நோண்டிக்கொண்டிருப்பாள். யாரோ பையனோடு பேசுகிறாள் என்று வேன் முழுக்க ஒரு முடிவில் இருந்தது. நானும்தான். ஒருநாள் எட்டிப் பார்த்தால், கதை! கதை எழுதும் ஆப் ஒன்றில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு அத்தியாயம் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கருத்துகள் இருக்க வேண்டிய இடம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

கதை என்ன தெரியுமா? மலைக்கு மேலே ஒருத்தன் மேகங்களையெல்லாம் மந்திரத்தால் சுருக்கிப் பானை பானையாக அடைத்து வைத்திருக்கிறான். அதனால்தான் நம் பக்கம் மழை இல்லை. அவற்றை மீட்கக் கிளம்புகிறாள் பொன்னரளி. அவளுக்கு ஒரு சக்தி உண்டு. எதன்மேல் கோபப்படுகிறாளோ அது கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறுத்துவிடும். அவள் வாய்விட்டுச் சிரித்தால் சிறுத்துக் கிடப்பதெல்லாம் பழையபடி பெரிதாகிவிடும். முதல் அத்தியாயத்திலேயே தெருவில் முட்ட வந்த கிடாவைச் சிறுக்க வைத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொள்கிறாள். வகுப்பில் யாரோ ஜோக் சொல்ல, இவள் சிரித்துத் தொலைக்க, பைக்குள் கிடா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நல்ல கதையை யாருமே படிக்கவில்லையா? அடுத்த திங்கட்கிழமை மல்லிகாவின் போனைப் பிடுங்கி, நானே வேனில் உரக்கப் படித்தேன். ஓடுகிற வண்டியில் போனைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் குமட்டும், ராஜாத்தி அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன். அதனால் வாசிப்பு என் பொறுப்பாயிற்று. குரலெல்லாம் மாற்றி மாற்றி, கிடாவுக்குத் தனிக்குரல் கொடுத்து வாசித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கிடாதான் நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வாசித்து முடித்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"பேரு சரியில்லட்டி," என்றார் ராஜாத்தி அக்கா. நூல் சுற்றும் பிரிவில் சீனியர். "அரளின்னா யாராச்சும் புள்ளைக்குப் பேரு வைப்பாவளா? வெசமுல்ல அது?"

"கிடா யாரு வீட்டுக் கிடா?" என்றார் ஃபிட்டர் குருசாமி மாமா. "அவன் தேடிட்டு வரமாட்டானா? கேஸு குடுத்தா என்ன செய்யுவா?"

டிரைவர் பால்ராஜ் அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "டிபன் பாக்ஸுல கிடாவப் போட்டா, மத்தியானச் சோத்த எங்கம்மா வச்சிருந்தா?"

கிடா சுருங்கியதைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர், வாய் திறக்கவில்லை. அது நடக்கக்கூடியதுதான் என்பது போல.

திங்கள்தோறும் இதே கதை. வரி வரிக்கு நிறுத்தி அபிப்பிராயம் சொல்லவே, நான் ஒரு சட்டம் போட்டேன். மில்லுக்குத் திரும்பும் ரோட்டில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. அநேகமாக நாங்கள் போகும் நேரம் அடைத்துத்தான் கிடக்கும். கேட் வரும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட் போட்டிருந்தால் அபிப்பிராயம் சொல்லலாம். கேட் திறந்திருந்தால் அந்த வாரம் யாருக்கும் அபிப்பிராயம் கிடையாது. ஏதோ பார்லிமென்ட் நடத்துகிறவள் மாதிரி எனக்கு நினைப்பு. மல்லிகாவும் கேட் வருவதற்குள் முடிகிற அளவுக்கு அத்தியாயத்தை எழுதப் பழகிவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சொன்னதையெல்லாம் கேட்டு அடுத்த அத்தியாயத்தில் திருத்தவும் ஆரம்பித்தாள். வயசுப் புள்ளை தனியாகவா மலைக்குப் போவாள் என்றார் அக்கா; கதைக்குள் ஒரு அத்தை வந்து சேர்ந்தாள். அத்தைக்கு மூட்டுவலி இருக்குமே என்றார் அக்காவே. ஒரு அத்தியாயம் முழுக்கத் தைலம் தேய்த்தார்கள். அடிவாரம்வரை எந்த வண்டியில் போனார்கள் என்றார் பால்ராஜ் அண்ணன். ஒரு மினி பஸ்ஸும், சில்லறைக்குக் கண்டக்டரோடு ஒரு சண்டையும் வந்தன. கடைசியில் குருசாமி மாமா தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "பாரஸ்ட் ஆபீஸுல பெர்மிஷன் வாங்காம எப்படி மலையேறுவா? அங்கன புலி கிடக்கு, தெரியும்ல?"

அவ்வளவுதான். பொன்னரளி வன அலுவலகத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆபீசர் கேம்ப் போயிருந்தார். மறுவாரமும் கேம்ப்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் கேன்டீனில் மல்லிகாவைப் பிடித்தேன்.

"அவ மேகத்த மீட்கக் கெளம்பினவட்டி! ஆபீஸ் வாசல்ல உக்கார வச்சிருக்க. அவிய சொன்னா அப்படியே எழுதிருவியா?"

மல்லிகா தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவியதான கேக்காவ. வேற யாரு கேக்கா?"

எனக்கு அந்த ஆப்பின் காலி இடம் ஞாபகம் வந்தது.

"மலைக்கு மேல என்ன நடக்குன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அத எழுதத்தான் கதையே ஆரம்பிச்சேன். அங்கன கொண்டு போய் நிறுத்திட்டா போதும் எனக்கு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அதுக்குள்ள நாளு போயிரும் போல," என்றாள்.

அவளுக்கு ஆலங்குளத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலைப் பக்கம் வேலை. நல்ல மனிதர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்யாணம் முடிந்தால் மில் இல்லை, வேன் இல்லை, திங்கட்கிழமை இல்லை. பொன்னரளியோ இன்னும் பெஞ்சில்.

கடைசிக்கு முந்தின திங்களன்று நான் எல்லோரையும் எச்சரித்துத்தான் வாசித்தேன். இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி, இன்று யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட் போட்டிருந்தது. ராஜாத்தி அக்கா ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தார். ரயில் வரும் சத்தம் கேட்டதும் வெடித்துவிட்டார்.

"ஏறுறது இருக்கட்டும். பொறவு எப்படிட்டி எறங்குவா? எறங்குறதுக்கு வழி சொல்லாம அவள ஏத்தாத."

மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். போச்சு.

அடுத்த திங்கள், அவளுடைய கடைசித் திங்கள். ஆப்பைத் திறந்தால் புது அத்தியாயம் இல்லை. "உக்காந்து பாத்தேன். எறங்க வழியே வரல," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடி வந்தேன். கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் என்றார்கள். பால்ராஜ் அண்ணன் இன்ஜினை நிறுத்தினார்.

"என்னட்டி, இன்னைக்கு வாசிக்கல?" என்றார் அக்கா.

"இன்னைக்கு அத்தியாயம் இல்ல. இனிமேலும் இல்ல."

"இல்லைன்னா? அப்ப அவ எங்கனதான் நிக்கா?"

"ஆபீஸ் பெஞ்சுலதான்."

"இன்னுமா!"

அந்த 'இன்னுமா'வில் நான் உடைந்துவிட்டேன். "யாரு உக்கார வச்சா? நீங்கதான! பெர்மிஷன் கேட்டியள், சோறு கேட்டியள், அத்தைக்கு மூட்டு வலிக்குன்னியள். மல்லிகா இன்னையோட போறா. இனி யாரு வந்து அவள ஏத்திவிடுவா?" மூச்சு வாங்கியது எனக்கு.

குருசாமி மாமாதான் முதலில் கனைத்தார். "எம் மச்சினன் பாரஸ்ட் ஆபீஸுல வாச்சரா இருக்கான். நான் சொன்னேன்னு சொல்லச் சொல்லு. விட்டுருவான்."

"அடிவாரத்துக்கு நம்ம வண்டியவே எடுத்துக்கிடலாம்," என்றார் பால்ராஜ் அண்ணன். "மினி பஸ்ஸெல்லாம் எதுக்கு?"

ராஜாத்தி அக்கா தூக்குவாளியை மடியிலிருந்து எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். "இந்தா, சோறு. அந்த அத்தைய எங்க வீட்டுல வந்து உக்காரச் சொல்லு, நான் பாத்துக்கிடுதேன். எறங்குறத பொறவு பாப்போம். மொதல்ல ஏறச் சொல்லுட்டி அவள!"

மல்லிகா திரும்பினாள். வாசிக்கவில்லை, அவளிடம் எழுதியது எதுவும் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தாள். அதுவரை வேனில் அவள் குரலை யாரும் சரியாகக் கேட்டதுகூட இல்லை. வாச்சர் கதவைத் திறக்கிறார். பொன்னரளி ஏறுகிறாள், ஏறுகிறாள். உச்சியில் வரிசையாகப் பானைகள், ஒவ்வொன்றிலும் கைப்பிடியளவு மேகம். அவள் வாய்விட்டுச் சிரித்தால் போதும், அத்தனையும் பெரிதாகிவிடும். ஆனால் ஏறிவந்த களைப்பில் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து கீழே பார்க்கிறாள். ரயில்வே கேட்டில் எறும்பு மாதிரி ஒரு வேன். உள்ளே நாலைந்து பேர், அவளுக்குச் சோறு இருக்கிறதா, துணை இருக்கிறதா, எப்படி இறங்குவாள் என்று ஒருத்தர் வாயை ஒருத்தர் அடைத்துச் சண்டை போடுகிறார்கள். அவளுக்கு உதட்டோரம்...

கேட் தூக்கிவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற லாரிக்காரன் அடித்த ஹார்னில் எலும்பு ஆடியது. பால்ராஜ் அண்ணன் செத்த நேரம் எடுக்காமலே இருந்து பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் எடுத்தார். தண்டவாளத்தில் வண்டி குலுங்கியபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சிரிச்சாளாம்மா?"

மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. மில் வாசல் வந்துவிட்டது.

அந்த அத்தியாயத்தை அவள் எழுதவே இல்லை. பின்னால் அந்த ஆப்பையே மூடிவிட்டார்கள். கிடா, தைலம், கண்டக்டர் சண்டை எல்லாம் அதோடு போயிற்று. வேன் நின்று போனது. ராஜாத்தி அக்கா இப்போது தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார். பால்ராஜ் அண்ணன் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். குருசாமி மாமா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த நட்சத்திர எரிச்சலில் மல்லிகாவைக் கூப்பிட்டேன். பொன்னரளி பேச்சை நான் எடுப்பதற்குள் அவளே எடுத்தாள். நேற்றுத்தான் மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாளாம், கிடாவிலிருந்து உச்சிவரை.

"சிரிச்சாளான்னு கேட்டாளா?" என்றேன் ஆவலாக.

"எங்க? செருப்புப் போட்டிருந்தாளாம்மான்னு கேக்கா."

தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் ஆலங்குளத்துக்கே கேட்டிருக்கும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், செருப்பை எங்கள் வேனில் ஒருத்தரும் கேட்கவே இல்லை. எப்படி விட்டார்கள்? ராஜாத்தி அக்கா இருந்தால் ஒரு கேட் முழுக்க அதிலேயே ஓடியிருக்கும். முந்தாநாள் அந்த ரோட்டில் ஸ்கூட்டியில் போனேன். கேட் இல்லை. மேம்பாலம் வந்துவிட்டது, ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. பாலத்தின் உச்சியில் மலை முழுசாகத் தெரிந்தது, மேலே ஒரு துண்டு மேகம். செத்த நேரம் நின்று பார்க்கலாம் என்று வேகத்தைக் குறைத்தேன்.

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.