சறுக்குமரத்தில் போன எழுபதாயிரம்

பெயிண்டர் தன் மச்சானுக்கு எழுபதாயிரம் கடன்பட்டிருந்தார். வேறு யாரிடமாவது வாங்கியிருந்தால் அதைப் பற்றி இரண்டு நாளுக்கு மேல் யோசித்திருக்க மாட்டார். மச்சானிடம் வாங்கியதுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றது.

காரணம் இருந்தது. மனைவியின் தம்பியான இந்த மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தபோது முன்பணம் கொடுத்தவர் பெயிண்டர். காசு வாங்காமல் கடைச் சுவருக்கு மூன்று கோட்டிங் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். முன்பணத்தை மச்சான் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் பெயிண்டர் அந்தப் பேச்சை விடவே இல்லை. உறவில் நாலு பேர் சேர்ந்தால் போதும்.

"இவன் கடைச் சுவரைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? கண்ணாடி விக்கறவன் கடையில சுவரே கண்ணாடி மாதிரி இருக்கும். யாரு அடிச்சது?"

மச்சான் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வான். பதினைந்து வருஷமாக அதே சிரிப்பு.

உழைத்து மேலே வந்தவர் நாலு வார்த்தை கூடப் பேசினால் அதில் ஒரு தப்பும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். சின்ன வயதில் அடுத்தவன் பெயிண்ட் வாளியைச் சுமந்தவர். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே மழுங்கிப் போனவர். இன்று எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். ஐந்தாவது மாடி உயரத்தில், சாரத்தின் மேல், ஒரு கையில் பிரஷும் ஒரு கையில் டீயுமாக நிற்பார். கீழே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தலை சுற்றும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அவர் கால் இடறியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் மனைவியோடு மகளைப் பார்க்க வெளிநாடு போய், வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் ஐந்து வயதுப் பேத்தியோடு பூங்காவுக்கு நடந்து போனவரை ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. மகள் பதறியடித்து வந்து, காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். நர்ஸ் ஒரு போனை அவர் காதில் வைத்தாள். அதில் தமிழ் பேசும் ஒரு பெண், மொழிபெயர்ப்பதற்காக.

"ஐயா, எப்படி விழுந்தீங்கன்னு கேக்கறாங்க."

பெயிண்டர் வாசலைப் பார்த்தார். மகள் இன்னும் வரவில்லை.

நடந்தது இதுதான். பேத்தி "வா தாத்தா" என்றாள். அவர் குழந்தைகளின் சறுக்குமரத்தில் ஏறிச் சறுக்கினார். நன்றாக இருந்தது. மறுபடி ஏறினார். இன்னும் நன்றாக இருந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தவர், சறுக்குமரம் முடிந்த பிறகும் நிற்காமல் போய் மண்ணில் கையை ஊன்றினார். அந்த மஞ்சள் பிளாஸ்டிக் சறுக்குமரம் அவர் தோள் உயரம்கூட இல்லை.

இதை எந்த வாயால் சொல்வது?

"பூங்காவுல கழிப்பறைச் சுவர் பெயிண்ட் உரிஞ்சு தொங்குச்சும்மா. பக்கத்துல ஏணி கிடந்துச்சு. ஏறிச் சுரண்டிக்கிட்டு இருந்தேன். நாப்பது வருஷத் தொழிலு. பாத்துட்டுச் சும்மா போக மனசு வருமா?"

நர்ஸ் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். மகளும் மனைவியும் அப்படியே நம்பினார்கள். உரிந்த சுவரைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது என்பது ஊர் அறிந்த விஷயம். பேத்திக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி வாயைக் கட்டினார்.

மணிக்கட்டுக்குள் தகடு வைத்தார்கள். பயண இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் முதலில் பணத்தைக் கட்டு, ஊருக்குப் போய் வாங்கிக்கொள் என்றார்கள். மருமகன் பர்ஸை எடுத்தார்.

"பொண்ணையும் கொடுத்து பில்லையும் கொடுக்கறதா? அந்தப் பேச்சே வேணாம்" என்று பெயிண்டர் ஊருக்குப் போன் போட்டார். மச்சான் எதற்கு, எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "இதோ அனுப்பறேன் மாமா" என்றான். டீ ஆறுவதற்குள் பணம் வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பில்லை அனுப்பினார். கிடையாது என்று பதில் வந்தது. கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு நேரில் போனார். கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி.

"ஐயா, தொழில் வேலை செய்யும்போது அடிபட்டா இந்தப் பாலிசியில பணம் வராது. ஏணியில ஏறி வேலை செஞ்சதா நீங்களே ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கீங்க."

"நான் கூலிக்காரன் இல்லம்மா. எட்டுப் பேருக்கு முதலாளி."

"அப்ப அது உங்க தொழில்னு இன்னும் உறுதியாகுது."

"காசு வாங்கல. இனாமா செஞ்சேன்!"

"செஞ்சீங்கல்ல?"

பெயிண்டர் எழுந்து வந்துவிட்டார். எந்த வேலையும் செய்யவில்லை என்ற உண்மை நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

கை குணமாகிற வரை புது வேலை எதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கையில் இருந்த பணமெல்லாம் ஆட்களின் சம்பளத்துக்கே போனது. கடைசியில், கொஞ்சம் தவணை கேட்கலாம் என்று மச்சான் கடைக்குப் போனார்.

"தவணையா? யாரு மாமா இப்பக் கேட்டது? வாங்க, உக்காருங்க" என்று மச்சான் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கண்ணைச் சோதித்தான். புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டினான். விலை கேட்டதற்கு "இருக்கட்டும் மாமா" என்றான்.

ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் இவர் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். இந்த "இருக்கட்டும்" இருக்கிறதே, அதற்குப் பதில் கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தவர், சுவரில் கையை வைத்துத் தடவினார்.

"என்னங்க, சுவர் இவ்வளவு வழுவழுன்னு இருக்கு! யாரு வேலை?"

மச்சான் பெயிண்டரைப் பார்த்தான். பதினைந்து வருஷமாகக் கேட்கிற பேச்சு இப்போது வரும் என்று வழிவிட்டு நின்றான். பெயிண்டரின் மூக்கில் இனாம் கண்ணாடி, தலையில் எழுபதாயிரம். தன் சுவரைத் தன் சுவர் என்று சொல்ல நாக்குக் கூசியது.

"எங்க அக்கா வீட்டுக்காரர் வேலைங்க" என்று மச்சானே சொன்னான். அதுதான் இன்னும் மோசம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். "உக்காரு. ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

சொன்னார். அவள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு கேட்டாள்: "மூணு தடவையா?"

"மூணு தடவை."

"நானும் அந்தப் பூங்காவுக்கு வரேன்னேனே. கால் வலிக்கும், வீட்டுல இருன்னு சொல்லிட்டுப் போனது இதுக்குத்தானா?" அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து மகளுக்கு வீடியோ கால். மகள் முதலில் நம்பவில்லை. "உன் மானம் போகாம இருக்க எதையாவது சொல்றியாப்பா?"

"போகாம இருக்கவா? போகறதுக்குத்தான் சொல்றேன்!"

நடுவில் பேத்தியின் மூக்கு திரையை நிறைத்தது. "நான் சொல்லவே இல்ல தாத்தா. நீங்களே சொல்லிட்டீங்க. ஐஸ்கிரீம் எனக்குத்தான்." பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "தாத்தா வீஈஈன்னு கத்தினாரு. என் ஃப்ரெண்டோட அம்மா வீடியோ எடுத்தாங்க."

வீடியோ! அந்த அம்மா தன் பிள்ளை ஊஞ்சலாடுவதை எடுத்திருக்கிறாள். பின்னால், மஞ்சள் சறுக்குமரத்தில், பெயிண்டர்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் புகார்களை விசாரிக்கும் அதிகாரி ஒரு பெண்மணி. நரைத்த தலை, நிமிர்ந்த உட்கார்வு. பெயிண்டர் மனைவியோடு போய் போனை மேஜை மேல் வைத்தார். அதிகாரி பார்த்தார். உதவியாளரைக் கூப்பிட்டார், அவரும் பார்த்தார். அடுத்த மேஜைக்காரர் தானாகவே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

பெயிண்டரும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தார். மகள் அனுப்பியபோது வெட்கத்தில் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, சட்டை வயிற்றுக்கு மேல் ஏறிக் கிடக்க ஒரு ஆள் சறுக்கி வருகிறான். யார் இந்தப் பயல் என்றிருந்தது. வாளி தூக்கிய வயதில் அவருக்கு இப்படி ஒரு முகம் இருந்ததாக நினைவில்லை.

"ஏன் ஐயா பொய் சொன்னீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"ஏணியில இருந்து விழுந்தா தொழிலாளிம்மா. சறுக்குமரத்துல இருந்து விழுந்தா கோமாளி. எது மரியாதைன்னு பாத்தேன். மரியாதைக்கு எழுபதாயிரம் ஆகும்னு அப்பத் தெரியாது."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஆம்புலன்ஸ்காரங்க கிட்டயும் கேட்டு சரிபாக்கணும். அதோட, என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும்."

எழுத மனைவி கையை நீட்டினாள். பெயிண்டர் பேனாவை விடவில்லை. தகடு வைத்த கையால், ஒவ்வொரு எழுத்தாக, சுவருக்குக் கோடு போடுகிற நிதானத்தில் எழுதினார்: 'நான் வேலை செய்யவில்லை. விளையாடினேன்.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படி ஒன்றை எழுதுகிறார். எழுத்துப் பிழை இல்லை.

ஆம்புலன்ஸ்காரர்களும் அவரைச் சறுக்குமரத்தடியில்தான் தூக்கியதாகப் பதில் எழுதினார்கள். கொஞ்ச நாளில் முழுப் பணமும் வந்து சேர்ந்தது.

வங்கியிலிருந்து நோட்டாக எடுத்தார். "போன்லயே அனுப்பிடலாமே" என்றாள் மனைவி. "வாங்கினது போன்ல. கொடுக்கறது கையில" என்று நேராகக் கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

கடையில் மச்சான் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பழைய சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை தோள் குலுங்கியது.

"நீயும் பாத்துட்டியா?"

"அக்கா அனுப்பிச்சா மாமா. எல்லாருக்கும் அனுப்பிச்சா."

"சரி, சிரிச்சுத் தொலை."

மச்சான் பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, அந்தக் கையைத் தூக்கினீங்களே, அது எதுக்கு?" என்றான்.

"அஞ்சாவது மாடியில நின்னவன்டா நான். பிடிக்காம வர எனக்குத் தெரியும்."

"வந்தது தெரிஞ்சுது. நிக்கத்தான் தெரியல."

பெயிண்டரும் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு சுவரைத் தட்டினார். "இதை யாரு அடிச்சது?"

"நீங்கதான் மாமா. வேற யாரு?"

"அப்படிச் சொல்லு." மூக்கில் இருந்த புதுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதுக்கும் விலை சொல்லு."

மச்சான் இந்தத் தடவை இருக்கட்டும் என்று சொல்லவில்லை. சரியான விலையைச் சொன்னான். பெயிண்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்துப் பிரித்து, "கையை நீட்டு" என்றார். மச்சான் உள்ளங்கையை விரித்தான். தகடு வைத்த கையாலேயே, நோட்டு ஒன்றுகூடத் தவறாமல், உரக்க எண்ணி எண்ணி வைத்தார்.